பஸ் பணிமனையும் நம் சங்கத்து அறையும்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சங்கத்தின் ஐம்பது ஆண்டுச் சேவையைச் செயலாளர் தம் அறிக்கையில் சொல்லிவிட்டார். நான் ஒரு பழைய பஸ் பணிமனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாயான் லெப்பாஸுக்கு மஞ்சள் பஸ், ஆயர் ஈத்தாமுக்குப் பச்சை பஸ், பத்து பெரிங்கிப் பக்கம் நீல பஸ். நீல பஸ்களை ஓட்டியது ஹின் கம்பெனி. அவர்கள் 1947இல் கட்டிய பணிமனை ஜாலான் குருத்வாராவில் இருக்கிறது. பஸ்கள் போனபின் அது கூரை பெயர்ந்து, செடி முளைத்துக் கிடந்தது. 2014 ஜனவரியில் எர்னஸ்ட் ஸக்காரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் அங்கே கண்காட்சி நடத்தினார். அதன்பின் அந்த இடம் ஹின் பஸ் டிப்போ என்ற சமூகக் கலைக்கூடமாக நிலைத்துவிட்டது.

உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஞாயிறு தோறும் சந்தை கூடுகிறது. கூரையில்லாத முற்றத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சாமான் வாங்க வந்தவர், படம் பார்க்கும் எண்ணமே இல்லாதவர், சுவரைப் பார்த்து இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார். ஊருக்கு ஒரு கலைக்கூடம் செய்யும் முதல் உதவி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கசப்பும் உண்டு. அதே ஓவியர் 2012இல் ஆர்மேனியன் தெருவில் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் படத்துக்கு முன் இன்றும் வரிசை நிற்கிறது. அதற்கு மிக அருகில்தான் சூலியா தெருவும் நாகூர் தர்காவும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும். அந்தத் தெருக்களின் மாடிவீடுகளில் பிறந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. கட்ட முடியாத குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி தந்தது. படங்கள் அதற்குப் பிறகு வந்தவை. ஆகவே நம்மை அனுப்பியது படம் என்று சொல்ல மாட்டேன். நாம் போனபின் அந்தத் தெருக்களின் கதையை மற்றவர்கள் சொல்கிறார்கள், நாம் சொல்லவில்லை. என் வருத்தம் அதுதான்.

வேறு வழியும் பினாங்கில் இருக்கிறது. ஜேனட் பிள்ளை அவர்கள் முன்னின்று வளர்த்த ஆர்ட்ஸ்-எட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, ஜார்ஜ் டவுனிலும் பாலிக் புலாவிலும் பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப் போனது. பெரியவர்களிடமும் கைவினைஞர்களிடமும் கேட்க வைத்தது. கேட்டதைப் பிள்ளைகள் படமாக்கினார்கள், நாடகமாக்கினார்கள், அச்சிட்டார்கள். பாலிக் புலாவ் நமக்குப் பக்கத்து ஊர். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கீழ்த்தளத்தில் ஓர் அறை சும்மா இருக்கிறது. வாடகைக்கு விடலாம் என்று பேச்சு. அந்தப் பணம் கல்வி நிதிக்குப் போகும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஓராண்டுக்கு மட்டும் அந்த அறையைக் காட்சிக்கூடமாகத் தாருங்கள் என்று கேட்கிறேன்.

படம் நமக்கு ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். உருவங்களைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை. உருவமே இல்லாமலும் அந்த அறை நிறையும். நாசி கண்டார் சுமந்த காவடிக் கம்பு, சொங்கோக் தைத்த அச்சு, கடைக் கணக்குப் புத்தகம், ஊரிலிருந்து வந்த கப்பல் சீட்டு, பிள்ளைகள் எழுதும் அரபு எழுத்தணி. 1972இல் இங்கே தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபின் தொழிற்சாலை வேலைக்குப் போன நம் பெண்களின் அடையாள அட்டையும் அங்கே இருக்கட்டும். அதுவும் நம் சரித்திரம்தான்.

பொருளைக் கொடுப்பவர் பெயரைப் புத்தகத்தில் பதிவோம், கேட்கும்போது திருப்பிக் கொடுப்போம். குறிப்புகளைப் பிள்ளைகளே தமிழிலும் மலாயிலும் எழுதட்டும். அதற்கு அவர்கள் தாத்தா பாட்டியிடம் போய் உட்கார வேண்டும். பாதிப் பலன் அதிலேயே கிடைத்துவிடும். வார இறுதி வகுப்பு விட்டதும் அறையைத் திறந்தால் போதும். ஓராண்டில் யாரும் எட்டிப் பார்க்கவில்லையென்றால் சாவியை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். வாடகைக்கு விட்டுவிடுங்கள்.

ஓராண்டுகூடப் பொறுக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. அலுவலக அலமாரியில் ஒரு பெட்டி நிறையப் பழைய போட்டோக்கள் இருக்கின்றன. பலவற்றின் பின்னால் பெயர் இல்லை. இவர் இன்னார், இது இன்ன கடை என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு ஜனாஸாவோடும் குறைந்து வருகிறார்கள். சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

அந்தப் பெட்டியைச் செயலாளரின் அனுமதியோடு வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் பென்சில் இருக்கிறது. விருந்து முடிந்து போகும்போது ஒரு படத்தையாவது எடுத்துப் பாருங்கள். தெரிந்த முகம் இருந்தால் பின்னால் பெயரை எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வேலையை இன்றிரவே தொடங்கிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.