வில் வைத்த துவிச்சக்கர வண்டி



நம் பாட்டனார் காலத்தில் வசதி படைத்த குடும்பத்தார் வில்வண்டி வைத்திருந்தனர். மாட்டுவண்டியின் அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே இரும்புத் தகட்டு வில்களைப் பொருத்தியதே வில்வண்டி. சில்லு கல்லில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளே அமர்ந்திருப்போர் உடம்பு நோகாது. அக்காலத்தில் ஒருவர் வில்வண்டியில் வந்திறங்கினார் என்றால், அவர் சுகமாக வந்தார் என்பதோடு கையிற் பொருளுள்ளவர் என்பதும் ஊருக்கு விளங்கிவிடும். வில் சுகத்துக்கு மட்டுமன்றி மதிப்புக்கும் அடையாளமாக விளங்கியது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒருவகை வில்வண்டியே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இளைஞரும் சிறுவரும் ஏறிச் செல்லும் மலைச் சைக்கிளைக் கண்டிருப்பீர்கள். அதன் முன்சில்லை இருபுறமும் பிடித்து நிற்கும் கவையினுள் வில் வைத்திருப்பார்கள். கடைக்காரர் இதனைச் ‘சொக் வைத்த சைக்கிள்’ என்பர். இவற்றுள் விலை மலிந்த வண்டிகளைப் பற்றியதே என் பேச்சு.

பள்ளிக்கூட அதிபருக்குச் சைக்கிளைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நான் கலைப் பட்டதாரி. இயந்திர நூல் பயின்றவனல்லன். ஆயினும், நான் அறியாமற் சொன்ன ஓர் ஆலோசனையினால் என் மாணவன் ஒருவன் வீதியில் விழுந்து அடிபட்டான். அதன்பின் நான் கற்றுக்கொண்டதைப் பிறருக்குச் சொல்வது என் கடமையென்று கருதுகிறேன்.

2022ஆம் ஆண்டை நாம் எவரும் மறக்கமாட்டோம். எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையாக நின்றன. யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றாயிற்று. யூலையில் அனுமதிமுறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. அந்நாளிலேதான் கொழும்பு மாநகரம் துவிச்சக்கர வண்டியை மீண்டும் நினைத்துக்கொண்டது. வடக்கிலிருந்து வந்த எங்களுக்கோ அது புதிய பாடமன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின் எரிபொருள் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளிலேயே இயங்கியது. நோயாளியும் நெல்மூட்டையும் அதிலேயே சென்றன. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல.

அந்தப் பழைய ரலி, ஹம்பர் வண்டிகளில் வில் இருந்தால் அது இருக்கைக்குக் கீழேதான் இருந்தது. முன்கவை நேரான உருக்குக் குழாய். நுனியில் சற்றே வளைந்திருக்கும். அவ்வளவே.

2022இல் நண்பர் ஒருவர் பாவித்த மலைச் சைக்கிளொன்றை வாங்கினேன். வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டிலிருந்து கொட்டாஞ்சேனையிலுள்ள பாடசாலைக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். காலி வீதியாற் சென்று, காலிமுகத்திடலைக் கடந்து, கோட்டை, புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடை வழியாகச் செல்வேன். காலி வீதி செப்பமானது. ஆனால் செட்டியார் தெருவுக்கு அப்பாலோ குழிகளும், வெட்டி மூடிய நீர்க்குழாய்த் தடங்களும், வீதிமட்டத்துக்கு மேலும் கீழுமாய்க் கிடக்கும் இரும்பு மூடிகளும் உண்டு. அவற்றின் மேற் சென்றபோதும் என் கை நோகவில்லை, முதுகு நோகவில்லை. ‘எல்லாம் இந்த வில்லின் பயன்’ என்று மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சியே பிழைக்கு வித்தாயிற்று.

மறு ஆண்டில், துறைமுகத்தில் வேலைசெய்யும் தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். ஆறாம் வகுப்பிற் படிக்கும் தம் மகனுக்குச் சைக்கிள் வாங்கித் தவணை முறையிற் பணம் கட்ட எண்ணியிருந்தார். “சேர், சாதாரண கவை வைத்தது விலை குறைவு. சொக் வைத்தது சற்றுக் கூட. மகன் சொக் வைத்ததைத்தான் கேட்கிறான். எதை வாங்கலாம்?” என்று கேட்டார். நான் சிறிதும் தயங்காமல், “வீதிகள் மோசம். பிள்ளையின் முதுகுக்கு நல்லது. சொக் வைத்ததையே வாங்குங்கள்” என்றேன். அவர் என் சொல்லை நம்பிக் கூடுதற் பணம் கொடுத்தார்.

ஓராண்டு கழிந்தது. ஒருநாட் காலை, பாடசாலை வாயிலுக்கு அண்மையில் அச்சிறுவன் நடைபாதை விளிம்பிலிருந்து வண்டியை வீதிக்குத் துள்ளி இறக்கினான். சிறுவர் எல்லாரும் செய்யும் விளையாட்டே. முன்சில்லு நிலத்தை விட்டு எழுந்த கணத்தில், கவையின் கீழ்ப்பாதி சில்லோடு கழன்று தனியே போயிற்று. மேற்பாதியின் இரண்டு குழாய்களும் வீதியிற் குத்தின. பிள்ளை முகங்குப்புற விழுந்தான். நாடியில் வெட்டு, சில தையல்கள். பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரர் உடனே நிறுத்தினார். அவர் நிறுத்தாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் இன்றும் எண்ண விரும்புவதில்லை.

அன்று மாலை அந்தச் சைக்கிளையும் என் வண்டியையும் கொட்டாஞ்சேனையில் நெடுங்காலமாகச் சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் கற்பித்த பாடத்தை இயன்றவரை அவ்வாறே சொல்கிறேன்.

வில்கவை என்பது ஒன்றினுள் ஒன்று புகும் குழாய்களால் ஆனது. மேற்குழாய்கள் கைபிடியோடு இணைந்தவை. கீழ்க்குழாய்கள் சில்லைப் பிடிப்பவை. கீழ்க்குழாய்கள் கழன்று விழாமல் தடுப்பவை அடியிலுள்ள திருகாணிகளே. அச்சிறுவனின் வண்டியில் ஒருபக்கத்துத் திருகாணி துருவேறி முறிந்திருந்தது. மறுபக்கத்தது தளர்ந்து எப்போதோ விழுந்துவிட்டது. வண்டி நிலத்தில் ஓடும்வரை உடம்பின் பாரமே கவையைச் சேர்த்துப் பிடித்தது. சில்லு எழுந்ததும் பிடிக்க ஒன்றுமில்லாது போயிற்று.

“இதை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லையா?” என்று முதியவர் கேட்டார். நான் விடை சொல்லவில்லை.

பிறகு அவர் வில்லைக் காட்டினார். ஊக்கின் விதியை நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். வில்லை எவ்வளவு விசையோடு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு அது சுருங்கும். விட்டால் வாங்கியதைத் திருப்பித் தரும். ஆகவே வில் மட்டும் இருந்தால் வண்டி குதிரைபோல் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளலை அடக்க வேறொன்று வேண்டும். உயர்ந்த கவைகளில் எண்ணெய் சிறு துளைகளினூடே நெருங்கிப் பாய்ந்து அத்துள்ளலை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. அதுவே விலைக்குக் காரணம். மலிந்த கவைகள் பலவற்றில் அவ்வேற்பாடு இல்லை. ஒரு சுருள்வில்லும், இறப்பர் போன்ற ஒரு கட்டையும், சிறிது கிறீசும் மட்டுமே உண்டு. குழாய்கள் உரசும் உராய்வே அடக்கும் கருவி. உராய்வு அதிகமானால் கவை அசையாது. குறைந்தால் ‘டக், டக்’ என்று மோதும்.

மேலே திருகும் குமிழ் ஒன்றுண்டு. அதனைத் திருகினால் வில் கடினமாகும் என்று பலர் நம்புகின்றனர். அது வில்லை முன்கூட்டியே சற்று அழுத்தி வைக்கிறதேயன்றி வில்லின் இயல்பை மாற்றுவதில்லை. வளர்ந்தவர் ஒருவரின் பாரத்துக்கென்று செய்த வில், முப்பத்தைந்து கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஏறக்குறைய இரும்புத் தடியே. அவன் அதனால் ஒரு சுகமும் பெறவில்லை. பாரத்தை மட்டும் சுமந்தான். உருக்கினாலான நேர்கவை ஏறத்தாழ ஒரு கிலோ. மலிந்த வில்கவையோ இரண்டரைக் கிலோ வரை நிறுக்கும். புத்தகப் பையோடு மேட்டில் மிதிக்கும் பிள்ளைக்கு அந்த ஒன்றரைக் கிலோ சிறிதன்று.

இறுதியாக, முதியவர் என் வண்டியின் முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு கைபிடியை முழுப்பலத்தோடு அழுத்தினார். கவை அசையவேயில்லை. “சேர், உங்கள் சொக் எப்போதோ இறுகிவிட்டது. கடற்காற்று” என்றார். மேற்குழாய்களிற் குரோமியப் பூச்சு புள்ளி புள்ளியாய் உரிந்து, உள்ளே துரு ஏறியிருந்தது. வெள்ளவத்தையிற் கடலோரமாகக் குடியிருப்போர் வீட்டு இரும்புக் கம்பிகளே இரண்டு மழைக்குள் துருவேறுவதை அறிவர். “அப்படியானால் எனக்குக் கை நோகாமல் இருந்தது எதனால்?” என்று கேட்டேன். அவர் முன்சில்லை விரலால் அழுத்திக் காட்டிச் சிரித்தார். இரண்டங்குல அகலமுள்ள ரயர்; அளவான காற்று. என்னைத் தாங்கியது அக்காற்றே!

நேயர்களே, எனக்கு வெட்கமாயிருந்தது. ஆனால் அதனூடே ஒரு வரலாறும் நினைவுக்கு வந்தது. 1887இல் பெல்பாஸ்ற் நகரில் மிருகவைத்தியராயிருந்த டன்லொப் என்பார், தம் சிறு மகனின் முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓடும்பொருட்டே காற்றடைத்த இறப்பர்ச் சில்லைச் செய்தார். 1888இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஒரு தந்தை தன் பிள்ளைக்காகச் செய்த முதல் ‘சொக்’ அதுவே எனலாம். அதற்கு வேண்டிய இறப்பரோ நம் நாட்டுக்கு 1876இல் வந்துவிட்டது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து வந்த கன்றுகளை ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டனர்.

வில்கவையே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அது பிறந்த இடம் வேறு. 1970களில் கலிபோர்னியாவில் தமல்பாயிஸ் மலைச்சாரலில் இளைஞர் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் மலையிறங்கிப் போட்டியிட்டனர். ஒருமுறை இறங்கினால் பின்சில்லுப் பிறேக்கின் கிறீஸ் எரிந்துபோகும், மறுபடி நிரப்பவேண்டும். அதனால் 1976இல் தொடங்கிய அப்போட்டிக்கே ‘றீபக்’ என்று பெயர். 1989இல் போல் ரேணர் என்பார் றொக்சொக்ஸ் என்னும் பெயரில் எண்ணெயாற் குதிப்பை அடக்கும் கவையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1990இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோவில் உலகப் போட்டி நடந்தபோது, மலையிறக்கத்தில் வென்ற கிரெக் ஹேர்போல்ட் அத்தகைய கவையையே பாவித்தார். கல்லும் வேருமாய்க் கிடக்கும் மலைப்பாதையில் நல்ல வில்கவை சில்லை நிலத்தை விட்டு எழாமற் பிடித்து வைக்கிறது. சில்லு நிலத்தில் இருந்தாலன்றிப் பிறேக்கும் பிடிக்காது, திருப்பமும் ஆகாது. நம் மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் ஓடுவோருக்கு அது உண்மையாகவே உதவும்.

ஆனால் அதன் உருவத்தை மட்டும் எடுத்து, உள்ளிருப்பதை விட்டுவிட்டு, நகரத்துப் பிள்ளைக்கு விற்கும்போது அது அலங்காரமாகிறது. பாட்டனார் காலத்து வில்வண்டியின் மதிப்பு ஆசையே இங்கும் வேலைசெய்கிறது. பிள்ளை கேட்டது சுகமன்று. தோழரிடையே ஒரு மதிப்பு. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

இனி, சைக்கிள் வாங்கும் பெற்றோருக்குச் சில சொற்கள். வீடு, பாடசாலை, தனியார் வகுப்பு என்று நகரத்திலேயே ஓடும் பிள்ளைக்கு நேரான உருக்குக் கவையும் அகன்ற ரயரும் உள்ள வண்டியே போதுமானது. மிஞ்சும் பணத்தை நல்ல பிறேக்குக்கும், விளக்குக்கும், தலைக்கவசத்துக்கும் செலவிடுங்கள்.

வில்கவை உள்ள வண்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அஞ்சவேண்டியதில்லை, கவனித்தாற் போதும். முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு கைபிடியை அழுத்துங்கள். கவை இறங்கி ஏறவேண்டும். முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தளர்வு தெரிந்தால் திருத்துநரிடம் செல்லுங்கள். முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கிப் பாருங்கள். கீழ்ப்பாதி தொங்கி இறங்கினால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். கடலோரத்தில் வாழ்வோர் மேற்குழாய்களை ஈரமற்ற துணியால் அடிக்கடி துடையுங்கள். மண்ணெண்ணெயை ஊற்றவேண்டாம், அது உள்ளேயுள்ள கிறீசைக் கழுவிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றித் துப்புரவு செய்து, திருகாணிகளைப் பார்ப்பித்து, புதிய கிறீஸ் இடச் சொல்லுங்கள்.

மறுநாள் அச்சிறுவனின் தந்தை பாடசாலைக்கு வந்தார். மகனுக்கு நான்கு நாள் விடுமுறை வேண்டும் என்று பணிவோடு கேட்டார். என்னைக் குறைசொல்ல அவர் மனம் எண்ணவேயில்லை. நானே சொன்னேன்: “பிழை என்னுடையது. தெரியாததைத் தெரிந்தவன்போல் சொல்லிவிட்டேன். நீங்கள் என்னை நம்பினீர்கள்.” அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “பரவாயில்லை, சேர். எங்கள் பிள்ளைக்குப் பாயத் தேவையில்லை, போய்ச் சேர்ந்தாற் காணும்” என்றார்.

முதியவர் அவ்வண்டிக்கு நேரான பழைய உருக்குக் கவையொன்றைத் தேடிப் பொருத்தினார். அதன் கூலியை நான் கொடுத்தேன். தந்தை முதலில் மறுத்துப் பின்னர் ஒப்புக்கொண்டார். பிள்ளை சில நாட்கள் வெட்கத்தோடு அதில் வந்தான். ஒருநாள் வாயிலில் நின்று, “இப்போது மேட்டில் இறங்காமல் ஏறுகிறேன், சேர்” என்றான். அவன் நாடியிலிருந்த தழும்பு இன்னும் மாறவில்லை. அதைக் காணுந்தோறும், ஆசிரியனாயிருப்பவன் தனக்குத் தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்று சொல்லப் பழகவேண்டும் என்பதை நினைத்துக்கொள்கிறேன்.