ஆறு போற போக்குல போகலாமா?

எதிரணித் தோழி என்ன சொன்னாங்க? "ஆறு என்ன டைம்டேபிள் போட்டா ஓடுது? திட்டமாவது மண்ணாவது, படகுல ஏறு, அது போற போக்குல போ!" கேட்க நல்லாத்தான் இருக்கு. (சிரிப்பு)

நியூசிலாந்தில் வாங்கனுயி என்று ஓர் ஆறு. 2017-இல் சட்டம் போட்டு அந்த ஆற்றையே ஓர் 'ஆள்' ஆக்கிட்டாங்க! அதில் டௌமருனுயியிலிருந்து பிபிரிகி வரை 145 கிலோமீட்டர், கயாக்கில் துடுப்புப் போட்டால் ஐந்து நாள். வேடிக்கை பாருங்க, அரசாங்கம் இதை 'மகா நடைப்பயணங்கள்' பட்டியலில் வெச்சிருக்கு. நடந்தா முழுகிடுவோம்! (கைதட்டல்)

ஃபாகாஹோரோவைத் தாண்டினால் 87 கிலோமீட்டருக்குச் சாலையே கிடையாது. உப்பை மறந்துட்டோம்னு திரும்ப முடியுமா? அரிசி, மாத்துத்துணி எல்லாம் தண்ணி புகாத பீப்பாயில் போகணும். ராத்தங்கும் இடத்துக்கு முன்பதிவு வேணும். என்றைக்குக் கரை சேருவோம்னு வீட்டில் எழுதி வெச்சுட்டுப் புறப்படணும். ராத்திரி படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டணும். ஏன்? மேலே மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணி ஏறும் ஐயா!

திட்டத்தில் முக்கியமானது எது தெரியுமா? சும்மா உட்கார ஒரு நாள்! ஐந்து நாள் பயணத்துக்கு ஆறு நாள் சோறு, ஆறு நாள் லீவு. வெள்ளமா? கரையில் உட்காரு, டீ போடு. அந்த ஒரு நாளை எடுத்து வைக்காதவன் என்ன செய்வான்? "திங்கட்கிழமை ஆபீஸ்"னு பிள்ளைகளையும் ஏத்திக்கிட்டு வெள்ளத்தில் படகை இறக்குவான்!

அந்த ஆறாம் நாளுக்கு எதிரணி பதில் சொல்லட்டும்.