வகுப்புக்கு வெளியே நின்ற வாத்தியார்

(கும்மிடிப்பூண்டியில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பேசியது)

சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்துக் கண் எரிய வந்திருக்கிற தோழர்களே, பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிற தாய்மார்களே, என்னோடு சாக்பீஸ் தூசி தின்ற ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் நாற்காலி காலியாகக் கிடக்க, பின்னால் வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்திருக்கிற இருளர் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்களை முன்னால் வந்து உட்காருங்கள் என்று இப்போது கூப்பிட மாட்டேன். கூப்பிடுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்று என் பேச்சைக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வயல் எலியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கேள்வி கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில், நஞ்சு கலந்த பொரி. கடைசி பெஞ்சில் ஒரு இருளர் வீட்டுப் பையன் எழுந்தான். முழங்கால் வரை சேறு. "புகை போடணும் சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் முறைத்தான். திமிர் என்று நினைத்து வெளியே போய் நில்லடா என்றேன். பாடம் முடியும் வரை நின்றான்.

அந்த அறுவடையில் என் சொந்த வயலிலேயே எலி புகுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவன் அப்பாவைக் கூப்பிட்டேன். மகனும் கூட வந்தான். வரப்பில் ஒரு வளையைக் காட்டினேன். குனிந்து பார்த்து, "இதுல ஒண்ணும் இல்ல சார், வாய்ல சிலந்தி நூல் கட்டியிருக்கு பாருங்க" என்றான். பத்து எட்டு நடந்தான். புது மண் மாவு மாதிரி குவிந்திருந்தது. "இதுதான் வீடு. இன்னும் ரெண்டு வாசல் இருக்கும்." தேடி, இரண்டையும் மண்கட்டி வைத்து அடைத்தான். அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, பானை வாயை வளை வாயோடு பொருத்தினார் அவன் அப்பா. ஓட்டையில் வாய் வைத்து ஊத ஊதப் புகை உள்ளே போயிற்று. பிறகு கடப்பாறை. எலி வந்தது, அதன் பின்னால், எலி கொண்டுபோய் அடுக்கி வைத்திருந்த நெற்கதிரும் வந்தது. எலி அவர்கள் சோற்றுக்கு. கதிரும் அவர்களுக்கு. என் மண்ணில் ஒரு சொட்டு நஞ்சு விழவில்லை. செத்த எலியைத் தின்று ஆந்தை சாகவில்லை.

உணவுச் சங்கிலி என்று கரும்பலகையில் நான் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேனே, அதை அந்தப் பையன் வரப்பில் நடத்திக் காட்டினான். எட்டாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். எந்தச் சூளை என்று நான் விசாரிக்கக்கூட இல்லை.

நண்பர்களே, இப்போது நம் ஊர்ப் பள்ளிச் சுவர்களைப் பாருங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்த பதினேழு நிலைத்த வளர்ச்சி இலக்குகளைப் பதினேழு வண்ணக் கட்டமாக வரைந்து வைக்கிறோம். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் மரக்கன்று, ஓவியப் போட்டி, கேடயம். பிள்ளைகள் பனிக்கரடி வரைகிறார்கள். அழகாகத்தான் வரைகிறார்கள். ஆனால் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற ஏரியின் மதகு எங்கே என்று கேட்டால் தெரியாது. கொசஸ்தலையாறு எங்கே போய்க் கடலில் கலக்கிறது என்று கேட்டால் தெரியாது. சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயம் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கட்டாயமாக்கினோம், ஆனால் பாடத்தில் ஊரே இல்லாமல் ஆக்கினோம்.

இது சாதாரண ஊரா? பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863இல் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். பின்னால் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு செய்து, அங்கே கிடைத்த கருவிகளுக்குச் சுமார் பதினைந்து லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். எந்தக் கல்லை எந்தக் கோணத்தில் தட்டினால் விளிம்பு கூராகும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த மண் இது. ஊர் அறிவைப் பிள்ளைக்குக் கைமாற்றுவது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடம் கட்டிய பிறகுதான் அதை நிறுத்தினோம்.

அந்த ஊர் அறிவு இன்றைக்கும் நம் உயிரைக் காக்கிறது. கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைக்குப் பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஊசி போடுகிறார்கள், பிழைக்கிறார். அந்த ஊசி எங்கிருந்து வந்தது? கம்பெனியிலிருந்து. கம்பெனிக்கு? நஞ்சு வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்று, இருளர் பிழைப்பு போனது. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, நஞ்செடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக அந்தக் கைகளிலிருந்துதான் போனது. எடுத்ததைத் திருப்பி விடு, நாளைக்கும் வேண்டும். நிலைத்த வளர்ச்சிக்கு இதைவிடச் சின்ன விளக்கம் யாராவது சொல்லட்டும், கேட்கிறேன்.

2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில், வந்தேறிய பர்மா மலைப்பாம்பு பெருகி அங்கே இருந்த உயிரினங்களையெல்லாம் விழுங்கியபோது, பல்கலைக்கழகம் யாரைக் கூப்பிட்டது? நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தோம். கை தட்டுங்கள், தட்ட வேண்டியதுதான். தட்டிவிட்டு எனக்குப் பதில் சொல்லுங்கள். புளோரிடா அவர்களை நிபுணர் என்று விமானம் ஏற்றிக் கூப்பிட்டதே, நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம் ஒரு பீரியடுக்காவது கூப்பிட்டதுண்டா?

இங்கே ஒரு ஆசிரியத் தங்கை எழுந்திருக்கத் துடிக்கிறார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "ஐயா, அந்தப் பிள்ளைகள் எலி பிடிப்பதிலிருந்து தப்பிக்கத்தானே பள்ளிக்கு வருகிறார்கள்? திரும்ப அங்கேயே தள்ளுகிறீர்களா?" நியாயமான கேள்வி அம்மா. இருளர் வீட்டுப் பெண் டாக்டராக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் அவள் டாக்டராகி அந்த ஊசியைப் போடும்போது, "இது எங்க தாத்தா எடுத்த நஞ்சு" என்று தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். பக்கத்து பெஞ்சில் படித்த முதலியார் வீட்டு டாக்டருக்கும் ரெட்டியார் வீட்டு டாக்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குப் பெருமை, மற்றவனுக்குப் பாடம். இரண்டும் ஒரே வகுப்பில் நடக்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் "முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று காலை வணக்கம் போடுகிற கூட்டம். அவர்களுக்கும் நான் ஆள் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள், ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. போலீஸ் இல்லை, அதிகாரி இல்லை. பொதுச் சொத்தை அடித்துக்கொள்ளாமல் பகிர்வது எப்படி என்று உலகத்துப் பேராசிரியர்கள் தேடிவந்து எழுதிய முறை. வகுப்பில் அவசியம் சொல்லித்தர வேண்டும். அதே மூச்சில் இதையும் சொல்லித்தர வேண்டும்: அந்தப் பாடு பிறப்பால் அந்த மீனவச் சமூகத்தைச் சேர்ந்த ஆண்களுக்கு மட்டும். இருளருக்கு அதில் முறை கிடையாது. பெண்ணுக்குக் கிடையாது.

முறை இல்லாத அந்த இருளர் பெண் என்ன செய்கிறாள்? தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குகிறாள். வலை இல்லை, படகு இல்லை. பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கிறாள். விரலில் இறால் துடித்தால் அமுக்கி, எடுத்து, பறியில் போடுகிறாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்ற இறக்கம் கூடும் என்று நம் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அவள் அதை வைத்துத்தான் உலை வைக்கிறாள். முகத்துவாரம் மண்ணடித்து மூடிக்கொண்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது என்று அவளுக்குத் தெரியும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றுக்கும் நல்ல சேற்றுக்கும் வித்தியாசம் ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் அவள் விரலுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அந்தக் கழிமுகத்தில் பரவியபோது, தன் விரலைத் தவிர வேறு கருவி இல்லாதவள் எங்கே கை வைப்பாள்? சேறு செத்தால் அந்தப் படிப்பும் செத்தது. தண்ணீரைக் கெடுத்துவிட்டு அவள் அறிவைப் புத்தகத்தில் அச்சடித்தால், அதற்குப் பெயர் கல்வியா, கருமாதிப் பத்திரிகையா?

"ஒரே வகுப்பில் இத்தனை வகைப் பிள்ளைகள், எப்படி ஐயா நடத்துவது?" என்று கேட்கிறார்கள். கும்மிடிப்பூண்டி வகுப்பில் யார்தான் இல்லை? ஆந்திர எல்லைத் தெலுங்குப் பிள்ளை, இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளை, சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த பீகார், ஜார்க்கண்ட் குடும்பத்துப் பிள்ளை. இதே மாவட்டத்துச் சூளைகளுக்கு வந்த ஒடிசாக்காரர் பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடநூலே வரவழைத்துச் சொல்லிக்கொடுத்ததும் நாம்தான். அந்நிய மொழிக்கு வேறொரு மாநிலத்திலிருந்து புத்தகம் கொண்டுவர முடிந்த நமக்கு, ஏரிக்கரைக் குடிசையிலிருந்து ஒரு பாட்டியை அழைத்துவர முடியாதா? மனம் இருந்தது, அங்கே செய்தோம். இங்கே சாதி குறுக்கே நிற்கிறது, செய்யவில்லை.

வெறும் குறை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு குழு அமைத்து, ஊர் மக்களைக் கலந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஊரில் என்ன செடி, என்ன மீன், அதைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று எழுத வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஒரு கையும் காணோம். அந்தப் பதிவேடு பள்ளிக்கு வரட்டும். இருக்கிறதைப் பிள்ளைகள் படிக்கட்டும், விட்டுப்போனதை இருளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதட்டும். சொன்னவர் பெயர் அதில் இருக்கட்டும்.

இரண்டு. ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் பகுதிநேர ஆசிரியர் போடுகிறோம். ஏரிக்கும் கழிமுகத்துக்கும் வயலுக்கும் போடுங்கள். டிகிரி கேட்காதீர்கள். சம்பளத்தைக் கொடுங்கள். பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்து அனுப்புகிற வேலை வேண்டாம். பொன்னாடையை உலையில் போட முடியாது.

மூன்று. இதுதான் முதலாவதாக இருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசே பட்டியலிட்ட ஆறில் இருளரும் ஒன்று. அவர்கள் பிள்ளைக்குக் கோட்டாட்சியரிடமிருந்து பழங்குடிச் சான்று வாங்க எத்தனை நடை? குடிசைக்குப் பட்டா எங்கே? கொத்தடிமை முறையை 1976இலேயே சட்டம் போட்டு ஒழித்தோம். அதற்குப் பிறகும் இந்த மாவட்டத்து அரிசி ஆலையிலிருந்தும் சூளையிலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்டுக்கொண்டே இருந்தார்கள். முன்பணத்துக்கு அடைபட்டவன் யாருக்கு என்ன சொல்லித்தருவான்? அவனுக்கு நிலம் வேண்டும், சான்று வேண்டும், தண்ணீரில் இறங்க உரிமை வேண்டும். பிறகு பாடத்திட்டம் பேசலாம்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூடும். எழுந்து நின்று, பல்லுயிர்ப் பதிவேட்டை எடுத்துப் படியுங்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்களே, நீங்கள் உங்கள் வகுப்போடு போய் உட்காருங்கள்.

நான் அன்றைக்கு வெளியே நிறுத்திய பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் என் கண்ணுக்கு அடையாளம் தெரியாது. அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. வேப்பமரத்தடியில் இருக்கிறவர்களே, என் பேச்சு முடிந்தது. மேடையில் என் நாற்காலி காலியாகிவிட்டது. நான் கீழே வந்து உட்காருகிறேன். உங்களில் யாராவது ஏறி வந்து மைக்கைப் பிடியுங்கள். எங்களுக்கு வகுப்பு எடுங்கள்.