இணையம் எட்டாத வகுப்பிற்கு ஒரு கலைக்களஞ்சியம்

தலைநகராம் தில்லியில் வாழும் தமிழர், தம் பிள்ளைகள் தாய்மொழியை மறவாதிருத்தல் வேண்டும் என்று விரும்பினர். அவ்விருப்பத்தின் பயனாகத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்தி வருகின்றது. அத்தகைய பள்ளியொன்றில் பயிலும் சிறுமி, "யமுனை எங்கே பிறக்கின்றது?" என்று தமிழில் வினவுகின்றாள் எனக் கொள்வோம். விடையைத் தமிழிலேயே அவள் எங்கே தேடுவாள்?

முன்பு இதற்கு விடையாக அமைந்தது பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியம். 1954-இல் முதல் தொகுதியும் 1968-இல் பத்தாம் தொகுதியும் வெளிவந்தன. இன்றோ, 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா நாள்தோறும் வளர்ந்து வருகின்றது. ஆயினும் அதனைக் காண இணையம் வேண்டும். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடுமாயின், அச்சிறுமிக்கு அக்களஞ்சியம் இருந்தும் இல்லாததே ஆகும்.

இக்குறையை நீக்க வழி உண்டு. 2007-இல் தோன்றிய கிவிக்ஸ் என்னும் மென்பொருள், விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமித்து, இணையமின்றியே படிக்கச் செய்கின்றது. படங்களுடன் கூடிய ஆங்கிலப் பதிப்பு நூறு கிகாபைட்டு அளவினது. தமிழ்ப் பதிப்போ விரல்நகம் போன்ற ஒரு நினைவட்டையில் அடங்கிவிடும். பள்ளியிலுள்ள ஒரு சிறு கணினியில் அதனை வைத்தால், வகுப்பிலுள்ள பிற கருவிகளும் அதனைப் பெறலாம். மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வழங்கினால், படியெடுக்க எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை, விலையும் இல்லை. நம் அண்டை மொழியினராகிய மலையாளிகள் 2010-இலேயே, தேர்ந்தெடுத்த 500 கட்டுரைகளைக் குறுந்தட்டில் வெளியிட்டனர்.

எனினும் இரண்டினை நாம் மறத்தலாகாது. படியெடுத்த நாளோடு அதன் வளர்ச்சி நின்றுவிடும். பிழை இருப்பின் அப்பிழையும் அங்கேயே தங்கிவிடும். ஆகவே, படியின்மீது தேதி பொறித்தல் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். படித்ததைப் பிற நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஆசிரியர் மாணவருக்கு ஊட்டுதலும் வேண்டும்.

நூலகத்திற்குப் புதிய அலமாரி வாங்கப் பணம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால், இந்நூலகத்திற்கு அலமாரியே வேண்டுவதில்லை. வேண்டுவது, ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கும் ஓர் ஆசிரியர். அவர் முன்வருவாராயின், யமுனை யமுனோத்திரியில் பிறக்கின்றது என்பதை அச்சிறுமி தன் மொழியிலேயே, தானே தேடி அறிவாள்.