சீலோவாம் கோபுரமும் ஒரு மர இறக்கையும்



லூக்கா நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு விபத்தைப் பற்றிப் பேசுகிறார். சீலோவாமில் கோபுரம் ஒன்று விழுந்து 18 பேர் இறந்துபோனார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்லிவிடுகிறார். சாவு வீட்டில் நாம் இன்னும் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விதான் அது. இன்று அந்தப் பகுதியோடு ஒரு விமான விபத்தையும் சேர்த்துத் தியானிப்போம்.

1931 மார்ச் 31, புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்கு ஒரு பயணிகள் விமானம் கிளம்பியது. மூன்று எஞ்சின் கொண்ட ஃபோக்கர் எஃப்-10. பயணிகள் 6 பேர், விமானிகள் 2 பேர். பயணிகளில் ஒருவரை அந்த நாடே அறியும்: நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி. நார்வேயில் பிறந்தவர், லூத்தரன் குடும்பம். 1925-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். வயது 43. ஒரு திரைப்பட வேலையாக ஹாலிவுட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வழியில் மேகம் தாழ்ந்து கவிந்தது. வானிலை மோசமாகிறது, திரும்பிவிட எண்ணுகிறோம் என்று விமானிகள் வானொலியில் தெரிவித்தார்கள். திரும்ப முடியவில்லை. கான்சஸ் மாநிலத்தில் பஜார் என்ற சிற்றூருக்கு அருகே, மேய்ச்சல் நிலத்தில் விமானம் விழுந்தது. ஓர் இறக்கை முறிந்து தனியாக வேறிடத்தில் கிடந்தது. 8 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ராக்னியின் அடக்கம் ஏப்ரல் 4, புனித சனிக்கிழமை. அன்று நம் திருச்சபையில் அடக்கத் திருப்பலி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய கையில் செபமாலை இருந்ததென்று இன்றும் சொல்வார்கள். எங்களைப் போன்ற பிரசங்கிகளுக்கு அது மிகவும் பிடித்த செய்தி. நான் அதன்மேல் எதையும் கட்ட விரும்பவில்லை. செபமாலை வைத்திருந்தவரும் வைத்திராதவரும் ஒரே இறக்கையை நம்பித்தான் ஏறினார்கள்.

விபத்துக்குக் காரணம் என்ன? பனிக்கட்டி என்று முதலில் சொன்னார்கள். காற்றும் மேகமும் பழியைச் சுமந்தன. அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் ஆராய்ந்தபோது வேறொன்று தெரியவந்தது. அந்த விமானத்தின் இறக்கை மரத்தால் ஆனது. உள்ளே மரச் சட்டங்கள், மேலே பிளைவுட், எல்லாம் பசையால் ஒட்டியவை. நாளடைவில் ஈரம் உள்ளே இறங்கிப் பசையின் பிடி தளர்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பிளைவுட்டைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றுவது செலவு, நேரம், விமானம் ஓடாத நாள்கள். புயலில்லாத நாளில் அந்த இறக்கை தாங்கிக்கொண்டது. அன்றைய காற்றில் தாங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் விமான விபத்துகளின் விசாரணை முடிவுகளை அமெரிக்க அரசு வெளியிடுவதில்லை. இறந்தவர் ராக்னி என்பதால் மக்கள் விடவில்லை, பத்திரிகைகள் விடவில்லை; அதிகாரிகள் பேச வேண்டியதாயிற்று. மே மாதம் அந்த வகை விமானங்கள் பறக்கத் தடை வந்தது. பிளைவுட்டைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். பெயர் தெரியாத 8 பேர் மட்டும் இறந்திருந்தால் திறந்திருப்பார்களா? இந்தக் கேள்வி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அன்பு நேயர்களே, இறைவனின் திருவுளம் என்பது புனிதமான சொல். கெத்சமனியில் ஆண்டவர் இரத்த வியர்வையோடு ஏற்றுக்கொண்டது அது. அதை நாம் எத்தனை எளிதாக எடுத்து, திறக்க வேண்டிய பிளைவுட்டின்மேல் இன்னொரு பலகையாக ஆணி அடித்துவிடுகிறோம்! பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் பிரேக் தேய்ந்திருந்தது. சாரத்தில் கயிறு இற்றிருந்தது. யாரோ பார்த்தார், பேசாமல் இருந்தார். அடக்கத்தன்று எல்லாரும் திருவுளம் என்கிறோம். அந்தத் தாய் தலையசைக்கிறார். அவருக்கு வேறு என்ன வழி?

சீலோவாம் பகுதியில் ஆண்டவர் இன்னொரு சொல்லும் சொல்கிறார்: மனம் மாறுங்கள். செத்தவர்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. செய்தியைக் கேட்டுக்கொண்டு உயிரோடு நின்றவர்களிடம் சொன்னார். அந்தக் கூட்டத்தில் கொத்தனாரும் இருந்திருக்கலாம், மேற்பார்வை பார்த்தவரும் இருந்திருக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கோபத்தையும் பொய்யையும் சொல்கிறவர்கள் பலர். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்கிறவர்கள் மிகக் குறைவு. அதுவும் பாவம்தான். அதற்கும் மன்னிப்பு உண்டு. ஆனால் மறுநாள் போய்த் திறந்து பார்க்க வேண்டும்.

பிறகு அந்த விமான நிறுவனம் முழுவதும் உலோகத்தாலான விமானத்தைக் கேட்டது. டக்ளஸ் நிறுவனம் கட்டிய டிசி-1, 1933 ஜூலை 1 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் வழியில் வந்த டிசி-3 உலகமெங்கும் பறந்தது. அதில் ஏறி இறங்கி வீடு திரும்பியவர்களில் பெரும்பாலோர் பஜார் என்ற ஊரின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த மேய்ச்சல் நிலத்தில் இன்று ஒரு நினைவுக் கல் நிற்கிறது. இன்றிரவு செபமாலையில் அந்த 8 பேருக்காகவும் ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள்.