உளி ஒதுங்கிய இடம்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் பனியைப் பற்றிப் பேச விழைகிறேன். துருவக் கடல்களுக்குச் சென்றவர்களின் பயண நூல்களில் அச்சான பழைய ஓவியங்களே என் பொருள். முடிவில் அது கவிதையையும் தொடும்.

1772இல் கேப்டன் குக் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டபோது வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியரும் உடன் சென்றார். பின்னர் 1780இல் நம் சென்னைக்கும் வந்தவர் இவர். 1773 சனவரி 9ஆம் நாள், பனித்தீவுகளுக்கிடையே படகுகளை இறக்கி, மிதந்த பனிக்கட்டிகளை மாலுமிகள் அள்ளினார்கள். அவற்றை உருக்கியதில் 15 டன் நன்னீர் கிடைத்தது. அக்காட்சியை ஹாட்ஜஸ் வரைந்தார். 1777இல் வெளிவந்த குக்கின் நூலுக்காக அதைச் செப்புத்தகட்டில் செதுக்கியவர் பௌன்சி. அவர் அப்பயணத்தில் செல்லாதவர்.

உளி கீறிய பள்ளத்தில் மை தங்கும். கீறாத பரப்பில் மை துடைக்கப்பட்டுவிடும். ஈரத்தாளை மேலே வைத்து உருளையால் அழுத்தினால், பள்ளத்து மை தாளில் ஏறும். ஆகவே கடலைக் கீறலாம், கார்முகிலைக் கீறலாம். பனியின் வெண்மையைக் கீற இயலாது. அங்கே உளி ஒதுங்க வேண்டும். நாம் பனியென்று வியப்பது வெறுந்தாளை. சுற்றியுள்ள கருமையே அதைப் பனியாக்குகிறது.

குக்கும் அவ்வாறே செய்தார். பனிக்கு அப்பால் தாம் காணாத நிலத்தை அவர் வரையவில்லை. தம் வரைபடத்தில் துருவத்தைச் சுற்றிய இடத்தை வெறுமையாகவே விட்டார்.

இதற்கு மாறான படமும் உண்டு. 1818 ஆகஸ்டு 31 அன்று, வடதுருவப் பகுதியின் லங்காஸ்டர் நீரிணையுள் சென்ற ஜான் ராஸ், மலைத்தொடரொன்று வழியடைத்து நிற்பதாகக் கண்டு கப்பலைத் திருப்பினார். கடற்படைத் தலைமையகச் செயலாளர் குரோக்கரின் பெயரை அம்மலைகளுக்குச் சூட்டினார். 1819இல் வந்த அவரது நூலில் அவை அழகிய ஓவியமாகவும் அச்சேறின. அதே ஆண்டு எட்வர்டு பாரி அவ்வழியே கப்பல் செலுத்தினார். மலை எதுவும் குறுக்கிடவில்லை. திறந்த கடலே இருந்தது.

கவிஞர்களே! அந்தப் படத்தில் கைத்திறனுக்குக் குறைவில்லை. வெண்மையாக விட வேண்டிய இடத்தை அத்திறமை நிரப்பிவிட்டது. நாமும் காணாத போரை, படாத பசியைப் பாடுகிறோம். பாடுவது பிழையன்று, பௌன்சியும் பனிக்கடலைக் காணாதவர்தாம். ஆனால் கண்டவரின் சித்திரத்தை முன்வைத்துக்கொண்டு, உளியை எங்கே நிறுத்துவதென அறிந்திருந்தார். கண்டவர் சொல்லாததை நம் அடைமொழிகளால் நிரப்பும்போது, நாமும் இல்லாத மலைகளை எழுப்புகிறோம். பின்வருவோரின் வழியை அடைக்கிறோம். அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவிதைகளில் உளி ஒதுங்கிய இடங்கள் பெருகட்டும்.