நம்ம யோசனைக்கும் ஒரு பக்கம்



அறிவியலுக்கும் கண்டுபிடிப்புக்கும் அரசாங்கம் செய்யும் உதவி பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்தாவது படிச்ச நமக்கு அதுல என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. நிறைய இருக்கு.

மஞ்சளை எடுத்துக்குங்க. காயத்துக்கு மஞ்சள் வைப்பது நம்ம பாட்டிமார் கைவைத்தியம். 1995-ல் அமெரிக்காவில் அதற்கே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்தது. பழைய நூல்களையும் அச்சான கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டியது. 1997-ல் அந்த உரிமை ரத்தானது. எழுதி வைத்தது இருந்ததால் மஞ்சள் தப்பித்தது.

படிக்காதவர் யோசனைக்கும் அரசு உதவி உண்டு. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில், 2000-ல் குஜராத்தில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கிராமத்து ஆட்கள் தாங்களே செய்த கருவிகளைத் தேடி, சோதித்து, காப்புரிமை வாங்கவும் துணை நிற்கிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கோவை முருகானந்தம் குறைந்த விலையில் நாப்கின் இயந்திரம் செய்தார். இந்த அறக்கட்டளை விருது கொடுத்தது. 2016-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்த இயந்திரத்தை வாங்கித் தொழில் செய்தவர்களில் நம்மைப் போன்ற குழுப் பெண்களும் உண்டு.

எங்க குழுவில் ஒரு அக்கா, முருங்கைக்கீரை உருவ, தகரத்தில் ஓட்டை போட்டு ஒரு பலகை செய்தார். ஒரு மணி நேர வேலை கால் மணியில் முடிந்தது. கீரை வாங்க வந்த வியாபாரி போனில் படம் எடுத்துப் போனார். அடுத்த வருஷம் அவர் கொட்டகையில் பத்துப் பலகை. உருவுற கூலி எங்களுக்கு நின்னுபோச்சு. அதற்கு உரிமை கிடைக்குமா, கிடைக்காதா என்பது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியது. போய்க் கேட்கக்கூட எங்களிடம் தேதி போட்ட ஒரு தாள் இல்லை.

அதனால் கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை. சேமிப்பு, கடன் எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் புது யோசனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கணும். யார் செய்தது, எப்போது, எதற்கு என்று எழுதி, படம் வரைந்து, கையெழுத்து வாங்கணும். அது காப்புரிமை ஆகாது. ஆனால் கேட்டுப் போக ஒரு ஆதாரம். கண்காட்சியில் வைக்கும் முன்னாடியே விசாரிக்கணும். ஊருக்கெல்லாம் காட்டிய பிறகு விண்ணப்பித்தால், இது புதுசு இல்லைன்னு தள்ளிவிட வாய்ப்பு உண்டு.

அஞ்சு ரூபாய் சேமிப்பையும் எழுதி வைக்கிற நாம, நம்ம மூளையில் விளைந்ததையும் எழுதி வைப்போம்.